டாக்டர் சொன்னதன் சுருக்கம்

மார்ச் 4, செவ்வாய்

கழுத்துக் கட்டிக்கு எடுத்த ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா ஆங்கிலத்தில் நிறுத்தாமல் பேசினார். தாளில் ஒரு கழுத்தை வரைந்து, அதில் பாதியைக் கோடு போட்டு அடித்துக் காட்டினார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "யெஸ் டாக்டர், யெஸ்" என்று முந்திக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஒண்ணுமில்லையாம். மாத்திரை சாப்பிட்டா கரைஞ்சிடுமாம்."

ஒன்றுமில்லாததற்கு எதற்குப் படம்?

மார்ச் 6, வியாழன்

மறுபடி கேட்டேன். எரிந்து விழுந்தார். "சுருக்கமா அதான் விஷயம். எல்லாத்தையும் விளக்கிக்கிட்டா இருக்க முடியும்?"

மின்கட்டணம் ஏன் ஏறியது என்று சாப்பாடு ஆறும்வரை விளக்குகிற மனுஷன். என் கழுத்துக்கு ஒரே வரி.

மார்ச் 11, செவ்வாய்

பிள்ளைகளின் பெற்றோரிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டுமாம். நான் வேலை பார்க்கிற குழந்தைகள் காப்பகத்து முதலாளியம்மா எங்களையெல்லாம் மாலை வகுப்பில் சேர்த்துவிட்டிருக்கிறார். பேசியதைத் தொகுத்துச் சொல்லும் வார்த்தைகள்தான் இன்றைய பாடம். இன் ஷார்ட். டு சம் அப். ஆல் இன் ஆல். இன் எ நட்ஷெல் — ஒரு கொட்டைக்குள் அடங்குகிற மாதிரிச் சொல்வதாம். சமையலக்கா மேசைக்குக் கீழே குனிந்துகொண்டாள், சிரிப்பை மறைக்க.

டீச்சர் என்னைவிடச் சின்னப் பெண். "முன்னாடி பேசினது புரியலேன்னாலும் பரவாயில்ல, இந்த வார்த்தை வந்தா காதைத் தீட்டிக்குங்க. விஷயம் அதுக்கப்புறம்தான்" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

மாத்திரை தீர்ந்தது. கட்டி அப்படியேதான். நாளை டாக்டர்.

மார்ச் 18, செவ்வாய்

எழுத்து கோணிக்கொண்டு போகிறது. போகட்டும்.

டாக்டர் பேசப் பேச ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் தெளிவாக, "ஸோ, டு சம் அப்" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆபரேஷன். திஸ் மன்த். வாய்ஸ் — அதற்கு அடுத்த வார்த்தை புரியவில்லை.

இவர் என் பக்கம் திரும்பி, "அதே மாத்திரையத் தொடரச் சொல்றாங்க" என்றார். என் முகத்தைப் பார்த்து. கூசாமல்.

நான் டாக்டரிடம், "வாய்ஸ், வாட்?" என்றேன். இலக்கணமாவது ஒன்றாவது. அவர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தமிழ் தெரிந்த நர்ஸைக் கூப்பிட்டனுப்பினார்.

கட்டி சந்தேகமானது, எடுத்தே ஆக வேண்டும். மாத்திரை அதற்கு உடம்பைத் தயார்ப்படுத்தத்தான். குரல் கம்மலாம், சிலருக்கு அப்படியே தங்கிவிடும். எல்லாம் சொல்லிவிட்டு நர்ஸ் கேட்டாள்: "போன தடவையே சொன்னாங்களேம்மா?"

போன தடவையே.

மார்ச் 19, புதன்

அழுதார். பயமாக இருந்ததாம், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லையாம். பயப்படட்டும், யார் வேண்டாமென்றது? ஆனா கட்டி யாரு கழுத்துல இருக்கு? தினம் தினம் அந்தப் பிள்ளைங்களுக்குப் பாடிக்கிட்டிருக்கேன், இந்தக் குரல் போனாலும் போகும்னு இந்த மனுஷனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது! முன்பே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? தெரியவில்லை. கூட ரெண்டு பாட்டாவது பாடியிருப்பேன்.

"இனிமே எல்லாத்தையும் முழுசா சொல்லிடறேன்" என்றார்.

"நீங்க சொல்ல வேணாம். நானே கேட்டுக்கறேன்."

மார்ச் 27, வியாழன்

நாளைக் காலை ஆபரேஷன். சம்மதப் படிவத்தை நர்ஸ் வரிவரியாகப் படித்துச் சொன்னாள். இவர் பேனாவை எடுத்தார், அப்புறம் என்னிடம் நீட்டினார்.

ஏப்ரல் 9, புதன்

குரல் தகர டப்பாவை உருட்டுகிற மாதிரி இருக்கிறது. டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டு பேசினார். பாதி எனக்கே புரிந்தது, மீதியை நர்ஸ் சொன்னாள். எடுத்த கட்டியில் கெட்டது எதுவுமில்லை. குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

இவர் வெளியே பெஞ்சில் இருந்தார். உள்ளே வரட்டுமா என்று இன்று கேட்கவில்லை. நான் வந்ததும் எழுந்து, "என்ன சொன்னாங்க?" என்றார்.

உட்காரச் சொன்னேன். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் குரல் அடைத்தது. ஓடிப்போய்த் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து கேட்டார்.