ஓடைமேல் போட்ட பாலம்

ஆவடி. ஐப்பசி, வெள்ளி இரவு.

பட்டாளத்தின் இன்ஜினியர் பிரிவில் இருக்கும் அண்ணன், நம் ஓடைக்குப் பாலம் வருகிறது என்றான். நான்தான் தெருவெல்லாம் சொன்னேன். மழையில் ஓடை பெருகினால் ஆஸ்பத்திரிக்கு வழியில்லை; பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவுக்கு இது நிறைமாதம். அவள் புருஷனும் ஊராரும் கூலியில்லாமல் கரையை வெட்டிச் சமன்செய்து கொடுத்தார்கள்.

இன்று காலை சிப்பாய்கள் இரும்புப் பாலத்தைப் பூட்டி நிறுத்தினார்கள். சாயங்காலம் அதே சிப்பாய்கள் அதைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள்.

"யுத்தத்துக்குப் போட்டுப் பிரிச்சுப் பழகுறோம், அவ்ளோதான்," என்றான் அண்ணன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கரையை எவன் வெட்டுவான்?" என்று சிரித்தான்.

வாசலில் கன்னியம்மா கேட்டாள்: "யக்கா, நாளிக்கு திருப்பிப் போட்ருவாங்கல்ல?"

போடுவார்கள் என்று சொல்லிவிட்டேன்.