கழற்றக் கூடாத மஞ்சள் பில்டர்

காரைக்குடி, 10-6-1968

அன்புள்ள கோமதிக்கு,

நான் நலம். உன் இருமல் தணிந்ததா?

நேற்று கண்டனூரில் ஒரு கல்யாணம். வாசலில் படமெடுக்க மாட்டிய மஞ்சள் பில்டர் லென்ஸில் சிக்கிக்கொண்டது. அதைக் கழற்றாமல் உள்ளே எடுத்தால் படம் இருட்டாகிவிடும். மாப்பிள்ளையின் அப்பச்சி, அதாவது அப்பா, பினாங்கில் இருக்கிறார். தாலி கட்டுவதை அவர் என் படத்தில்தான் பார்க்க வேண்டும். இங்கே அதற்குத் திருப்பூட்டு என்று பெயர்.

“கழற்ற முடியலையே!” என்று கத்திவிட்டேன்.

பெண்ணின் ஆச்சி பாய்ந்து வந்தார். “திருப்பூட்டுற வீட்டுல கழட்டுறேன்னா சொல்லுவீக? மஞ்சள்தானே, இருந்துட்டுப் போகட்டும்.”

“பொண்ணு கறுப்பா விழும், ஆச்சி.”

“ஆத்தீ! அப்ப திருகி எடுங்க. எடுக்கலாம், தப்பில்ல.”

பில்டரின் மேல் ரப்பர் பேண்டைச் சுற்றி, அழுத்தாமல் திருகினேன், வந்துவிட்டது. படமும் நன்றாக விழுந்தது. கழற்றுவதற்கும் எடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று இன்னும் யோசிக்கிறேன்.

உன் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அங்கே ஸ்டுடியோவில் எடுத்து அனுப்பு. தலையைச் சாய்க்கச் சொல்வான், சாய்க்காதே.

தபாலாபீசில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; தபால்காரர் பையைக் கட்டுகிறார்.

உன்,
சங்கரலிங்கம்