அக்கா ஏறிய கட்டுமரம்

மகாகனம் பொருந்திய காத்திவாக்கத்து மச்சானுக்கு,

நீர் நம்பவே மாட்டாத கதையொன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன். கோடை விடுமுறைக்கு உம் வீட்டுக்கு வந்த என் பிள்ளைகளோடு அக்காவையும் உமது கட்டுமரத்தில் ஏற்றி, எண்ணூர் முகத்துவாரம்வரை நானே ஓட்டிப் போனேன். பெண் கால் பட்டால் மரம் கவிழும் என்பீரே! யானையளவு இறால்கள் வரிசைகட்டிச் சலாம் போட்டன. திமிங்கிலம் ஒன்று எங்கள் கட்டுச்சோற்றில் பங்கு கேட்டது.

கரையேறியதும், "இனிமே என் வூட்டுப் படி ஏறாத!" என்று அக்காவிடம் கத்தினீர்.

"இத்தினி வருசமா ஒன் மீனைச் சொமந்து வித்தது யாருய்யா? நீயே வந்து கூப்புடு, வரேன்" என்றாள் அவள்.

இப்போது ராயபுரத்தில் என் வீட்டில் இருக்கிறாள். நானாகக் கொண்டுவந்து விடமாட்டேன்.

இறாலும் திமிங்கிலமும் புளுகுதான். நான் ஓட்டியதும் புளுகு. ஒன்று மட்டும் நிஜம்: போகவரத் துடுப்புப் போட்டவள் உம் பெண்டாட்டி.

இப்படிக்கு,
உமக்கு அடங்காத மைத்துனன்