தெமுரித் தீவில் அமைச்சன் மொழி கற்று மாலுமிகளை மீட்டமை

ஆட்சியாண்டு ஒன்பது, ஐப்பசித் திங்கள் பதினெட்டாம் நாள், முழுநிலவு. விடியலில் தூறல், பின்னர் காற்று அடங்கிக் கடல் அசைவற்றுக் கிடந்தது.

பொன்னிலை நாட்டின் மணிமுடி தாங்கி, ஏழு துறைகளுக்கும் காவலாகி, குடிகளின் குறையைத் தம் குறையெனக் கொள்ளும் பெருமாட்டி இளவெயினி நாச்சியாரின் திருமுன்னர், அமைச்சன் நக்கன் பூதி பணிந்து விடுக்கும் ஓலை. ஏரிகள் நிரம்புக, எல்லைகள் அமைதியுறுக, நாச்சியாரின் செங்கோல் நெடிது நிற்க.

புயலில் கலம் உடைந்து தெமுரித் தீவில் கரையேறிய நம் மாலுமிகள் முப்பத்திருவரை மீட்டு வருமாறு நாச்சியார் பணித்தருளினீர். இசைவின்றிக் கரையேறியோரை ஐப்பசி முழுநிலவில் தொலைத்தீவுகளுக்குத் துடுப்பு வலிக்கப் பங்கிட்டு அனுப்புவது அந்நாட்டுச் சட்டம். அவர்களுக்குப் பிணை நிற்போன் தன் வாயாலேயே விடுதலை கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பாளன் சொல் அங்குச் செல்லாது. ஆகவே, ஐம்பத்தெட்டாம் அகவையில் நக்கன் பூதி தெமுரி மொழியைக் கற்கத் தொடங்கினான்.

முதலில் கற்றது நம் மொழிச்சாலையின் ஏட்டுவழி. எழுநூறு சொற்களைப் பிழையற மனத்தில் ஏற்றி, ஆவணியில் தீவை அடைந்து அவர்தம் அவையில் எழுந்து, நம் அரசவை மரபின்படி இடைநிறுத்தமின்றி ஒரு நாழிகை உரை நிகழ்த்தினான். அவையோர் ஒவ்வொருவராகத் தலைப்பாகையை அவிழ்த்தனர். சிலர் விழி துடைத்தனர். முடிவில் தலைவர் எழுந்து, இறந்தவர் யாரென வருத்தத்துடன் வினவினார். எதிர்ச்சொல்லுக்கு இடம் விடாமல் தெமுரியர் பேசுவது பிணத்தின் முன் மட்டுமே. இது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. மாலுமிகள் மீண்டும் கொட்டிலுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். அவர்களுள் மூத்தவனான வேட்டன் அமைச்சனைத் திரும்பிப் பார்த்தான். அப்பார்வை அமைச்சனை விட்டு அகலவில்லை.

மறுநாள் அவன் ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு மீன்துறைக்குச் சென்றான். லோமா என்னும் மீன்காரி, அவன் விலை கேட்ட நெடுந்தொடரைப் பாதிவரை பொறுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஐயா, நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள என் மீனு நாறிப்போகும். ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயை மூடுங்க. நான் ஒண்ணு சொல்றேன். அப்புறம் நீங்க."

தன்மானம் சுட்டது, ஆயினும் அவன் பணிந்தான். நாள்தோறும் அவள் கூடையைச் சுமந்தான். கையால் தொட்ட பொருளின் பெயரையே கேட்டான். கேட்ட சொல்லை மாலைக்குள் மூவரிடமேனும் சொல்லிப் பார்த்தான். பிழை நேர்ந்தபோது துறையே சிரித்தது. சிரிக்க வைத்த சொல் எதுவும் அவனுக்குப் பின்னர் மறக்கவில்லை. 'சாவுக்காரர்' என்று அவனுக்குப் பெயரும் இட்டனர். புரட்டாசி முடிவில் இரு பெண்கள் தம் வலைச் சண்டையைத் தீர்க்க அவனை அழைத்தனர். அமைச்சுப் பட்டம் பெற்ற நாளிலும் அவன் அவ்வளவு செருக்குற்றதில்லை.

இன்று அவை கூடிற்று.

"முப்பத்திரண்டு பேர். என் ஆளுங்க," என்று சொல்லி நிறுத்தினான். நம் அவையில் தோல்வி எனப்படும் மௌனம் அது. அவன் பொறுத்திருந்தான்.

"கேக்காம ஏன் வந்தாங்க?" என்றார் தலைவர்.

"வரல. கடல் கொண்டு வந்துச்சு."

"பிணை?"

"நான். அவங்க போகட்டும். நான் இருக்கேன்."

பின்வரிசையிலிருந்து லோமா, "இருக்கட்டும் தலைவரே, எனக்குக் கூடை தூக்க ஆள் வேணும்," என்றாள். அவை சிரித்தது. தலைவர் தலைப்பாகையை அவிழ்க்கவில்லை. இறுக்கிக் கட்டிக்கொண்டு, கொட்டிலைத் திறக்கக் கைகாட்டினார்.

அடுத்த ஐப்பசி முழுநிலவு வரை அமைச்சன் இங்குப் பிணை. அதற்குள் நம் கலம் ஏதேனும் இசைவின்றி இத்தீவில் கரையேறின், தொலைத்தீவுக்குத் துடுப்பு வலிக்கப் போவோன் அவனே. ஆதலால் ஏழு துறைகளுக்கும் இன்றே எச்சரிக்கை செல்க. மொழிச்சாலை மாணாக்கர் முதல் மூன்று திங்கள் அயல்நாட்டுக் கலங்களில் சுமை இறக்குக. ஏடு அதன்பின் அவர்கைப் படுக. நாச்சியார் இசைந்தருளின், இவை அரசாணையாகக் கொள்ளப்படுக.

ஓலையை வேட்டன் கொண்டுவருகிறான். காற்றில்லாமையால் நம்மவர் அமைச்சன் வந்த கலத்தில் துடுப்பேந்தி அமர்ந்துள்ளனர். துடுப்பு வலிப்போர் அமரும் முறைப்படி, முகங்கள் யாவும் கரையை நோக்கியுள்ளன.

கயல் முத்திரை இட்டது, கதிர் எழுந்து பத்தொன்பதரை நாழிகையில்.