‘மூன்றாம் பந்தி’யைக் கெடுத்தது நான்தான்

என்னங்க,

முப்பத்தாறு வருஷம் இப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டது. பாதி ஊர் உங்களை எழுத்தாளர் என்றது, மீதி ஊர் என்னென்னவோ என்றது. எனக்கு நீங்கள் ‘என்னங்க’தான். கூப்பிட்டால் தலையைத் திருப்பாமலே ‘ம்’ என்பீர்கள். இப்போதும் ஒரு ‘ம்’ போட்டுவிட்டுக் கேளுங்கள், விஷயம் கொஞ்சம் நீளம்.

உங்கள் வருஷத் திதி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வாசகர்கள் கூட்டம் போட்டார்கள். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் பஸ் நுழையாது என்று நாள் தள்ளி வைத்தார்கள். இடம், செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடை மாடி. கீழே வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மேலே முப்பது பேர் உங்கள் நாவல்களை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால் குஷியாகியிருப்பீர்கள்.

நம் பாஷா பாய்தான் தலைமை. துணிக்கடையை மகனிடம் விட்டுவிட்டுக் காலையிலேயே வந்து நாற்காலி எல்லாம் போட்டிருக்கிறார். “செத்தவனைப் புகழ்ந்து புகழ்ந்து இன்னொரு தடவை சாகடிக்காதீங்கய்யான்னு அவரே சொல்லுவாரு. அதனால இன்னிக்கு ஒவ்வொருத்தரும் எழுந்து ரெண்டு சொல்லணும். அவர் எழுதினதுல ஒசத்தி எது, மட்டம் எது. ஒண்ணை மட்டும் சொல்லிட்டு நழுவக் கூடாது, ஆமா!” என்றார்.

நானும் கயலும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். நம் பெண் இதற்காகவே ஆரணிக்குத் திரும்பாமல் தங்கியிருந்தாள்.

பாஷா பாய்க்கு ஒசத்தி ‘மூத்திரச் சந்து’. சாமி பார்க்க வருகிறவர்கள் சாமிக்குத் தெரியாமல் என்னென்ன செய்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதை, பக்கம் பக்கமாக ஒப்பித்தார் மனுஷன். அந்தப் புத்தகம் வந்தபோது பத்துப் பேர் வீட்டு வாசலில் நின்று கத்தினார்களே, நினைவிருக்கிறதா? நான் உள்ளே நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் பத்துப் பேருக்கும் டீ போடச் சொன்னீர்கள். “எந்தப் பக்கத்துல பொய் இருக்குது, காட்டுங்க, எடுத்துடறேன்” என்று புத்தகத்தை நீட்டினீர்கள். ஒருத்தராவது படித்திருந்தால்தானே! டீயைக் குடித்துவிட்டு, “இருந்தாலும் சார்...” என்று இழுத்துக்கொண்டே போனார்கள்.

உங்களுக்குப் பயம் என்ற ஒன்றைப் படைத்தவன் வைக்கவே இல்லை. கரண்ட் ஆபீஸ் வேலை, வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்க வேண்டும். “அவரு வர்றாரு, வாயை மூடுங்க, நாவல்ல போட்டுடுவாரு” என்று தெருவே கிசுகிசுக்கும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே அந்தக் கிசுகிசுப்பையும் எழுதிக்கொள்வீர்கள்.

அடுத்து நித்யா எழுந்தாள். காலேஜில் தமிழ் நடத்துகிற பெண், உங்கள் எல்லாப் புத்தகத்திலும் கலர் கலராகக் காகிதம் செருகி வைத்திருக்கிறாள். அவளுக்கு ஒசத்தி ‘பாதி உடம்பு’. “அம்பது வயசுல ஒரு பொம்பளைக்கு வர்ற ஆசையை இவ்ளோ மரியாதையா நான் வேற எங்கயும் படிச்சதில்ல. ஒரு ஆம்பளைக்கு இது எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டாள். முப்பது தலையும் என் பக்கம் திரும்பியது. நான் மின்விசிறியைப் பார்த்தேன். கயல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், கழுதை.

ஒசத்தி எது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. மட்டம் எது என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. ‘மூன்றாம் பந்தி’.

“ஒரு அம்மா. பொண்ணு கல்யாணம். அந்தப் பொண்ணுக்கு அப்பா வேற ஒருத்தர்ங்கிறது அம்மாவுக்கு மட்டும் தெரியும். முந்நூறு பக்கம் நம்மள மூச்சு முட்ட வைக்கிறாரு. கடைசியில என்ன? கண்ணைத் துடைச்சிக்கினு அட்சதை போடுறா. சப்புனு போச்சுங்க!” என்றார் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒருவர்.

நித்யா அதைவிடக் கறாராகச் சொன்னாள். “எத்தனை கேஸு, எத்தனை மிரட்டல். எதுக்கும் அசராத மனுஷன் இந்த ஒரு புத்தகத்துல பயந்துட்டாரு. அதான் எனக்கு மன்னிக்க முடியல.”

பயந்துட்டாரு. உங்களைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை!

உங்களிடம் சொல்லாத ஒன்றை இனி சொல்லித்தான் ஆக வேண்டும்.

உங்கள் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆபீஸின் பழைய படிவங்களின் பின்பக்கம் நீங்கள் கிறுக்கிப் போடுவதை, மத்தியானச் சாப்பாடு ஆனதும் வெள்ளைத் தாளில் நான் நகல் எடுப்பேன். நான் எழுதியதை நீங்கள் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை. அப்படியே உறையில் போட்டுத் தபாலில் சேர்ப்பீர்கள். அச்சாகி வந்தாலும் பிரிக்க மாட்டீர்கள். “பெத்த புள்ளைய மறுபடியும் வயித்துக்குள்ள வெச்சா பாப்பாங்க?” என்பீர்கள். அந்த நம்பிக்கையில்தான் நான் கை வைத்தேன்.

‘மூன்றாம் பந்தி’யின் கடைசி அத்தியாயம் என் கைக்கு வந்தபோது கயலுக்கு ஆரணியிலிருந்து வரன் வந்திருந்தது. நீங்கள் எழுதியிருந்ததில் அந்த அம்மா அட்சதையே போடவில்லை. மூன்றாவது பந்தியில், சமையல்காரர்களோடு உட்கார்ந்து, ரசம் மோர் வரை நிதானமாகச் சாப்பிடுகிறாள். கை கழுவிக்கொண்டு மேடையேறி, எல்லோர் முன்னாலும் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறாள்.

ஒரு எழுத்து விடாமல் நகல் எடுத்தேன். எடுத்து முடித்ததும்தான் பயம் வந்தது. எழுத்தாளர் பெண்டாட்டி, கல்யாணத்துக்கு நிற்கிற பெண்! ஆரணிக்காரர்கள் படித்தால் இது யார் கதை என்று கேட்க மாட்டார்களா? உங்களுக்கு ஊர் வாய் ஒரு பொருட்டில்லை. அந்த வாயில் மெல்லப்படுவது நானும் என் பெண்ணும்தானே? உங்கள் தாள்களையும் என் நகலையும் வெந்நீர் அடுப்பில் போட்டேன். வேறு ஒரு முடிவை நானே எழுதி உறையில் வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்சதை போட்டது உங்கள் கதாநாயகி இல்லைங்க, நான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. ‘முடிவு கோழைத்தனம்’ என்று ஒரு பத்திரிகையில் மதிப்புரை வந்தது. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “பாரேன், இவன் கடைசி அத்தியாயத்தைப் படிக்கவே இல்ல!” அடுத்த வாரம் இன்னொருத்தர் அதையே எழுதினார். “இவனும் படிக்கலடி!” என்றீர்கள். தமிழ்நாட்டில் எவனும் புத்தகத்தை முழுசாகப் படிப்பதில்லை என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு எனக்கு மன்னிப்பு உண்டா?

மாடியில் எழுந்து நின்றேன்.

“பயந்தது அவர் இல்லீங்க, நான்தான்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் எழுதின முடிவையும் நினைவிலிருந்து சொன்னேன். நகல் எடுத்தவளுக்கு மறக்குமா? அந்த அம்மா மோருக்குக் கை நீட்டுகிற இடத்தில், கீழே காபி அரைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

பாஷா பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “பதினஞ்சு வருஷமா அவரைத் திட்டிக்கினு இருந்தேனே அண்ணி! மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். ‘பாய், நீயும் கடைசி அத்தியாயம் படிக்கலியா’ன்னாரு. நான் கோவிச்சிக்கினு ஒரு மாசம் பேசல.” நித்யா புத்தகத்தைக் கீழே வைத்தாள். என் பக்கத்தில் வந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

கயல்தான் எழுந்து மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டாள்.

கீழே அவளே ஆட்டோ பிடித்து வைத்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தாள். “எங்க மாமியார் கல்யாணத்துக்குச் சம்மதிக்கறதுக்கு முன்னாடி அந்த புக்கைப் படிச்சாங்களாம். ‘எழுத்தாளர் வீடாச்சேன்னு பயந்தேன், அந்த முடிவைப் பாத்தப்புறம்தான் நல்ல குடும்பம்னு தைரியம் வந்துது’ன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்றாங்க. என் கல்யாணத்துக்காக எங்கப்பாவை வெட்டிட்டியேம்மா!”

“ஆமாண்டி. வெட்டினேன்” என்றேன். வேறு என்ன சொல்ல? அவளுக்கு நல்ல புருஷன், நல்ல வாழ்க்கை. அந்த அட்சதை பலித்தது. அதற்காக அது சரியாகிவிடுமா? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாடு ஆனதும், ஒரு கட்டு வெள்ளைத்தாளோடு என் எதிரில் உட்கார்ந்தாள். “சொல்லு. நீ சொல்லச் சொல்ல நான் எழுதறேன். உன்னை நம்பித் தனியா விட மாட்டேன்” என்றாள். என் மகள் உங்கள் வாயைத்தான் கொண்டுவந்திருக்கிறாள்.

தினமும் உட்கார்ந்தோம். சமையல்காரர்கள் பேசுகிற கெட்ட வார்த்தைகளைக்கூட விடவில்லை. என் பெண்ணுக்கு அதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாகிவிட்டது, உங்களால். பழைய பதிப்பாளரிடமும் பேசிவிட்டோம், உங்கள் முடிவோடு மறுபடி போடுகிறேன் என்றார்.

நேற்று கடைசிப் பக்கம். பெண்ணிடம் உண்மையைச் சொன்ன பிறகு, மேடையை விட்டு இறங்கும்முன் அந்த அம்மா ஒரே ஒரு வரி சொல்லுவாளே. “என்னம்மா சொல்லுவா?” என்று பேனாவோடு காத்திருக்கிறாள் கயல். எனக்கு வரவில்லைங்க. மற்றதெல்லாம் வருகிறது, அது வரவில்லை. அடுப்பில் போட்ட அன்றைக்கு, காதில் கேட்டுக்கொண்டே இருந்த அந்த ஒரு வரி மட்டும் மறந்துபோக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத சாமியில்லை. மறந்தே போய்விட்டது.

“தோராயமா எதையாவது சொல்லேன், யாருக்குத் தெரியப் போகுது?” என்றாள் கயல். பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உங்களுக்கு ஒன்று உறுதி சொல்கிறேன். அந்த இடத்தில் ஒரு வரி அகலத்துக்கு வெற்றிடம் விட்டுத்தான் புத்தகம் வரும். ஏன் என்று கீழே என் பெயரோடு போடச் சொல்லியிருக்கிறேன். செத்தாலும் நானாக ஒரு வார்த்தை எழுதி அதை நிரப்ப மாட்டேன்.

உங்கள் மனைவி,
கயலின் அம்மா,
தனபாக்கியம்