சம்பந்தியின் கடிகாரமும் என் புலிச்சோழியும்

மார்ச் 3, செவ்வாய்
கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. பாறை இடுக்கில் ஒரு புலிச்சோழி, உள்ளங்கை நிறைய. வெள்ளை முதுகில் கறுப்புப் புள்ளிகள், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. ஞாயிற்றுக்கிழமை பேத்தி புது வீட்டுக்குக் குடிபோகிறாள். என் பரிசு இதுதான். அவள் அப்பாவைப் பெற்றவள், என் சம்பந்தி, சுவர்க்கடிகாரம் வாங்கி வைத்திருக்கிறாளாம். வாங்கட்டும். அது எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மார்ச் 4
சோழிக்குள் ஆள் இருக்கிறது! உயிருள்ள நத்தை. கடலோரத்திலேயே குடியிருந்தும் எனக்குத் தோன்றவில்லை பார்.
மீன்காரியிடம் கேட்டேன். "கொதிக்க வெச்சா ஓடு மங்கிடும் பெரியம்மா. மண்ணுல புதைங்க, எறும்பு சுத்தம் பண்ணிடும்."
அதுவரை நாறாமல் இருக்க, மருமகள் வாளியில் கடல்தண்ணீர் பிடித்து வந்து அதில் போட்டாள்.

மார்ச் 5
விடியுமுன் வாளியைப் பார்த்தால் சோழியைக் காணோம். அடியில் முள் முள்ளாக ஏதோ உருண்டை. விளக்கைப் போட்டேன். உள்ளிருந்த சதைதான் இரண்டு பக்கமும் ஏறி ஓடு முழுவதையும் போர்த்தியிருக்கிறது. மெல்ல இறக்கிக்கொண்டது. நடுவில் பளபளவென்று முதுகு. அந்த மெருகு அதுவே போட்டுக்கொள்வதா?
புதைக்கவா, வேண்டாமா? வெறுங்கையோடு போனால் சம்பந்தி ஒன்றும் சொல்ல மாட்டாள். சேலைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டு சிரிப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

மார்ச் 6
புதைக்கவில்லை.

மார்ச் 7
அதே இடுக்கில் கொண்டுபோய் விட்டேன். வெயில் படாத இடம், பாசியும் நிறைய. பகலில் ஒளிந்திருந்து இருட்டிய பிறகுதான் மேயக் கிளம்புமாம். கையை விட்டு இறங்க நேரமெடுத்தது. நானும் அவசரப்படுத்தவில்லை. வரும்போது வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு
வீடு நல்ல காற்றோட்டம். கடிகாரம் மாட்டியாகிவிட்டது. "பாட்டி, நீங்க என்ன கொண்டுவந்தீங்க?" என்றாள் பேத்தி. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.
சம்பந்தி சிரிக்கவில்லை. "தன் ஓட்டைத் தானே தேய்ச்சுக்குதா? நெஜமாவா?"
"கதையா கட்டுறேன்? வந்து பாருங்க."
"என் முழங்காலுக்குப் பாறை ஒண்ணுதான் குறைச்சல்."
"என் தோளைப் பிடிச்சுக்குங்க சம்பந்தி."

மார்ச் 18
கடல் மறுபடி உள்வாங்கியது. இரண்டு பேரும் போனோம். இடுக்குக்குள் குனிந்து குனிந்து பார்த்தோம். புள்ளி முதுகு தெரிந்தது, அசையவே இல்லை.
"உங்களை மாதிரியே அழுத்தம்," என்றாள்.
பாறை முடிந்து மணல் வந்த பிறகும் என் தோளை விடவில்லை. நானும் மெதுவாகவே நடந்தேன்.