அண்ணையின் விமானத்தைத் திருத்த அனுமதி

எந்நேரமும் கணினிக்கு முன்னாலேயே இருந்த என்ரை அருமை அண்ணைக்கு,

நீங்கள் போய்ப் பதினொரு மாதம். உங்கடை மின்னஞ்சலை இன்னும் நான்தான் பார்க்கிறேன். அதை மூடச்சொல்லி அண்ணி இரண்டு தரம் சொல்லிவிட்டா. மனம் வரவில்லை.

போன மாதம் நோர்வேயில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார். கணினியில் விமானம் ஓட்டிப் பழகுகிற பழைய சிமுலேட்டருக்கு நீங்கள் மூன்று வருசம் மினக்கெட்டுச் செய்து, இணையத்தில் எல்லாருக்கும் சும்மா கொடுத்தீர்களே ஒரு விமானம், அது புது சிமுலேட்டரில் ஒழுங்காய்த் தெரியவில்லையாம். தான் திருத்தி மற்றவர்களுக்கும் கொடுக்கலாமோ என்று உங்களிடம் அனுமதி கேட்டிருந்தார். பாவம், நீங்கள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

விமானத்தோடு நீங்கள் வைத்த குறிப்பை எடுத்து வாசித்தேன். உங்களைக் கேட்காமல் ஒருவரும் அதில் கை வைக்கக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். இனி ஆரைக் கேட்கிறது, அண்ணை?

மீன் கழுவிக்கொண்டு நின்ற அண்ணியிடம் போய்ச் சொன்னேன்.

"அவர் தன்ரை சாமானை ஒருத்தரையும் தொட விடமாட்டார். நீ ஏன் உதுக்குள்ளை போறாய்?"

"அப்ப அது அப்பிடியே பழுதாப் போகட்டோ, அண்ணி?"

அவ திரும்பி மீனைக் கழுவத் தொடங்கினா.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "புதுசுக்கு மாத்த வேணும், கொஞ்சம் உதவி செய்யிறியே?" என்று கேட்டீர்கள். "முதல் உடம்பைப் பாருங்கோ" என்று வாயை அடைத்தவள் நான்.

வேலை முடிந்து வந்து என்ரை கணினியில், புது சிமுலேட்டரில் அதை ஏற்றிப் பார்த்தேன். திரையில், பலாலி விமான நிலைய ஓடுபாதையில் உங்கடை விமானம் கரிக்கட்டி மாதிரி நின்றது. சில்லுகள் தரைக்குள் புதைந்து கிடந்தன. சுழலும்போது கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டிய விசிறிகள் இரண்டு சாம்பல் தட்டுகளாய் முன்னுக்கு நின்றன.

விமானத்தின் உடம்பில் ஒட்டும் படங்களைப் புது வடிவத்துக்கு மாற்றினேன். நிறம் வந்தது, ஆனால் வாலில் எழுத்துகள் தலைகீழாய் நின்றன. முப்பத்தெட்டுப் படங்களையும் ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் போட்டேன். பிறகு சில்லின் உயரத்தைச் சரிசெய்ய அமைப்புக் கோப்பைத் திறந்தேன். அதற்குள், சிமுலேட்டர் வாசிக்காத ஒரு வரியில், இங்கிலீஸ் எழுத்தில் நீங்கள் தமிழ் எழுதி வைத்திருந்தீர்கள்: "விசிறி சரிவரேல்லை. தெரிஞ்ச ஆரிட்டையாவது கேக்க வேணும்."

நீங்களா, அண்ணை? ஒருத்தரையும் கேட்காத நீங்களா? ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்டதும் இதைத்தானோ?

அந்த நோர்வே மனிசனுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அடுத்த நாளே பதில் வந்தது. உங்கடை விமானத்தில்தான் அவர் தரையிறக்கப் பழகினவராம். விசிறிப் படத்தில் ஒளி ஊடுருவும் பகுதியை எப்படி மாற்றுவது என்றும் விளக்கியிருந்தார். மாற்றினேன். தட்டுகள் மறைந்து, விசிறிக்குள்ளால் வானம் தெரிந்தது.

அண்ணியைக் கூப்பிட்டு அந்த வரியை வாசித்துக் காட்டினேன். பிறகு விமானத்தைக் கடலுக்கு மேலால் ஒரு சுற்றுச் சுற்றினேன். அவ கதிரையில் இருக்காமல் நின்றபடியே பார்த்தா.

"குடு," என்றா. "ஆனா அவரின்ரை பேரை அழிக்க விடாதை."

நேற்று அனுமதி எழுதி அனுப்பிவிட்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. வேலைக்கு நடுவிலும் அந்தக் கடிதத்தை எடுத்தெடுத்து வாசிக்கிறேன். உங்களுக்குச் சம்மதம்தானே?

ஒன்று மட்டும் உறுதி, அண்ணை. இனி எத்தனை பேர் அதைத் திருத்தினாலும் உங்கடை பேர்தான் முதல் வரியில் இருக்கும். விமானத்தைப் பற்றி ஆர் எழுதிக் கேட்டாலும் நான் மறுமொழி போடுவேன்.

உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட,
உங்கடை தங்கச்சி